கிளாஸ்ல கேம் வெக்கலாமா? வாசகர் கேள்விகள், டீச்சர் பதில்கள்

போன இதழ்ல, ஸ்கூல் பாடத்துக்கு ஆன்லைன் கேம் யூஸ் பண்றத பத்தி உங்க சந்தேகங்கள அனுப்புங்கன்னு கேட்டிருந்தோம். டீச்சருங்க, அப்பா அம்மாக்கள், பசங்கன்னு எல்லாரும் எழுதியிருக்கீங்க. சில பேரு திட்டியும் எழுதியிருக்கீங்க, அதுக்கும் நன்றி. பல பேரு பேர் வேணாம்னு சொன்னதால யாரோட பேரையும் போடல, ஊர் மட்டும்தான்.

வணக்கம் டீச்சர். ஏழாம் கிளாஸுக்கு கணக்கு எடுக்கறேன். வாரத்துல ஒரு பீரியடு கம்ப்யூட்டர் லேப்ல கஹூட் (ஸ்கிரீன்ல வர்ற கேள்விக்கு கலர் கட்டத்த அமுக்கி பதில் சொல்ற ஆன்லைன் க்விஸ் கேம்) வெக்கறேன். ஆரம்பத்துல செம ஜாலியா இருந்துச்சு, இப்போ பாத்தா அதே மூணு பசங்கதான் ஒவ்வொரு வாரமும் ஜெயிக்கறாங்க, கடைசி பெஞ்ச் பசங்க கேள்வியவே படிக்காம ஏதோ ஒரு கலர அமுக்கிட்டு உக்காந்திருக்காங்க. நிறுத்திடலாமா? (ஒரு கணக்கு டீச்சர், ஈரோடு)

நிறுத்த வேணாம் டீச்சர், முதல்ல டைமர்ல கைய வெய்யுங்க. கஹூட்ல பாயிண்ட் எப்படி விழுதுன்னு கவனிச்சிருப்பீங்க, சாதாரண கேள்விக்கு அதிகபட்சம் 1000, வந்த உடனே அமுக்கினவனுக்கு கிட்டத்தட்ட முழுசும் கிடைக்கும், டைம் முடியற கடைசி செகண்ட்ல சரியா அமுக்கினவனுக்கு பாதிதான் கிடைக்கும். அப்போ பேப்பர் எடுத்து போட்டு பாத்து நிதானமா விடை கண்டுபிடிச்ச புள்ளைக்கு 500, மனசுலயே வேகமா போடற புள்ளைக்கு 1000. ரெண்டு வாரம் இத பாத்தா பின்னாடி உக்காந்திருக்கறவனுக்கு புரிஞ்சுபோகும், இது நமக்கான ஆட்டம் இல்லடான்னு. அப்புறம் அவன் கலர் அமுக்காம வேற என்ன பண்ணுவான்?

ஒரு கேள்விக்கு 5 செகண்ட்லேருந்து 4 நிமிஷம் வரைக்கும் டைம் வெக்கலாம். கணக்குக்கு 20 செகண்ட்லாம் பத்தவே பத்தாது, ஒன்னரை நிமிஷம், ரெண்டு நிமிஷம் தாராளமா குடுங்க. பாயிண்டே இல்லாமலும் கேள்வி கேக்கலாம், அந்த ஆப்ஷன் அங்கயே இருக்கு. அப்புறம் ரெண்டு ரெண்டு பேரா ஒரு சிஸ்டம்ல உக்கார வெச்சு டீம் மோடுல விடுங்க, எப்பவும் ஜெயிக்கற அந்த மூணு பேரையும் மூணு டீமா பிரிச்சு போட்டுடுங்க.

ஆனா இதெல்லாம் மேல் வேலைதான், நான் முக்கியமா சொல்ல வர்றது வேற. ஒவ்வொரு கேள்வி முடிஞ்சதும் ஸ்கிரீன்ல ஒரு பார் வரும்ல, எந்த விடைய எத்தனை பேர் போட்டாங்கன்னு, அத பாத்துட்டு உடனே "நெக்ஸ்ட்" அமுக்கிடறோம் பாருங்க, அங்கதான் மொத்த பீரியடும் வீணா போகுது. ஒரு உதாரணம் சொல்றேன். 1/2 + 1/3 எவ்வளவு? நாலு ஆப்ஷன் 2/5, 5/6, 1/6, 2/6. விடை 5/6. மத்த மூணும் சும்மா போட்டது கிடையாது. மேலயும் கீழயும் தனித்தனியா கூட்டறவன் 2/5 போடுவான், கூட்டலுக்கு பதிலா பெருக்கிட்டவன் 1/6 போடுவான், மீச்சிறு பொது மடங்கு 6-னு சரியா கண்டுபிடிச்சுட்டு மேல இருக்கற நம்பர மாத்த மறந்தவன் 2/6 போடுவான். பார்ல பாதி கிளாஸ் 2/5-ல நின்னுச்சுன்னா கேம நிறுத்திடுங்க. திட்ட வேணாம், விடையும் சொல்ல வேணாம். "2/5 அரையை விட பெருசா சின்னதா?"ன்னு கேளுங்க. சின்னதுன்னு சொல்லுவாங்க. "சரி, அரைகிட்ட இன்னும் கொஞ்சம் கூட்டியிருக்கோம், அது எப்படிடா அரையை விட குறைஞ்சுது?" அவ்வளவுதான், கிளாஸே சத்தம் போட ஆரம்பிச்சுடும், அந்த சத்தத்துக்கு ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க. அப்புறம் 1/4 + 1/3-ஐ அடுத்த கேள்வியா விடுங்க, 7/12-ல எத்தனை பேர் நிக்கறாங்கன்னு பாருங்க. ஒரு பீரியடுக்கு இந்த மாதிரி ஆறு கேள்வி போதும், இருபது கேள்வி வெச்சுட்டு ஓடாதீங்க.

எங்களோடது அரசு நடுநிலைப்பள்ளி. பசங்க செல்போன் கொண்டுவரக் கூடாது, கொண்டுவாங்கன்னு சொன்னாலும் பாதி வீட்டுல ஒரே போன்தான், அதுவும் அப்பா வேலைக்கு எடுத்துட்டு போயிடுவாரு. நீங்க சொல்ற கேமெல்லாம் பணக்கார ஸ்கூலுக்குதானே? (ஒரு இடைநிலை ஆசிரியர், தருமபுரி)

கோவம் நியாயமானதுதான் சார். ஆனா உங்களுக்குன்னே ஒண்ணு இருக்கு, பேரு பிளிக்கர்ஸ். பசங்க கையில போனே வேணாம், ஆளுக்கு ஒரு பேப்பர் கார்டு போதும். கார்டுல க்யூஆர் கோடு மாதிரி ஒரு கறுப்பு கட்டம் இருக்கும், ஒவ்வொரு கார்டும் வேற வேற வடிவம், நாலு பக்கத்துலயும் ஏ, பி, சி, டி-னு பொடி எழுத்துல அச்சடிச்சிருக்கும். பையன் தன்னோட விடை எதுவோ அந்த எழுத்து மேல வர்ற மாதிரி கார்ட திருப்பி தூக்கி காட்டணும். நீங்க உங்க போன்ல ஆப்ப திறந்து கேமராவ இந்த பக்கத்துலேருந்து அந்த பக்கம் வரைக்கும் ஒரு சுத்து சுத்தினா போதும், யாரு எந்த விடை போட்டான்னு பேரோட உங்க ஸ்கிரீன்ல வந்துடும். பக்கத்து பையனோட கார்ட பாத்து காப்பி அடிக்கறதும் கஷ்டம், ஏன்னா ரெண்டு பேரும் ஒரே விடை போட்டாலும் கட்டம் வேற மாதிரிதான் தெரியும்.

கார்டு பிடிஎஃப்-ஐ அவங்க சைட்லேருந்து காசு இல்லாம டவுன்லோடு பண்ணிக்கலாம். கொஞ்சம் கெட்டியான பேப்பர்ல பிரிண்ட் எடுங்க. கிழிஞ்சுடுமேன்னு பளபளன்னு லேமினேஷன் போட்டுடாதீங்க, ஜன்னல் வெளிச்சம் பட்டு மின்னுச்சுன்னா கேமரா படிக்காது. இன்னொண்ணு, பசங்க கார்ட நடுவுல புடிப்பாங்க, விரல் கட்டத்த மறைச்சுட்டா அந்த பையன் மட்டும் ஸ்கேன் ஆகவே மாட்டான், ஓரத்துல புடிக்க சொல்லி முதல் நாளே பழக்கிடுங்க. கேள்விய காட்ட புரொஜக்டர் இருந்தா நல்லது, இல்லாட்டி கரும்பலகையில நாலு ஆப்ஷனையும் எழுதி போட்டாலே வேலை முடிஞ்சுது.

பெங்களூர்ல 2015-ல ஆரம்பிச்ச குயிஸிஸ்ங்கற ஆன்லைன் க்விஸ்லயும் (2025-ல வேகிரவுண்ட்னு பேர மாத்திட்டாங்க) இதே மாதிரி பேப்பர் மோடு இருக்கு. எது கைக்கு சுலபமா வருதோ அத வெச்சுக்கோங்க. என்ன கேட்டா கூச்சப்படற பசங்களுக்கு கஹூட்ட விட இந்த கார்டுதான் நல்லதுன்னு சொல்லுவேன், பாயிண்ட் பட்டியல், முதலிடம், மியூசிக் எதுவும் கிடையாது, தப்பா போட்டது டீச்சருக்கு மட்டும்தான் தெரியும். ஒண்ணே ஒண்ணு, புரொஜக்டர்ல பசங்களோட பேர் வாரியா ரிசல்ட்ட காட்டிடாதீங்க, அப்புறம் இவ்வளவு கஷ்டப்பட்டதுக்கே அர்த்தம் இல்லாம போயிடும்.

வருஷத்துக்கு அவ்வளவு ஃபீஸ் கட்டறோம், பொண்ணு வீட்டுக்கு வந்து "இன்னைக்கு சயின்ஸ் பீரியடுல கேம் ஆடினோம்"னு சொல்றா. வீட்டுல நாங்க போன புடுங்கி வெச்சா ஸ்கூல்ல அவங்களே கேம் குடுக்கறாங்க. எங்க காலத்துல இப்படியா படிச்சோம்? (ஒரு அப்பா, மதுரை)

உங்க காலத்துலயே வேற ஊர்ல இப்படி படிச்சிருக்காங்க சார்! 1971-ல அமெரிக்காவுல மினசோட்டால டீச்சர் ட்ரெயினிங்ல இருந்த டான் ராவிட்ச்னு ஒருத்தர், எட்டாம் கிளாஸ் ஹிஸ்டரி பாடத்துக்காக ரெண்டு நண்பர்களோட சேர்ந்து ஒரு கேம் எழுதினாரு. 1800-கள்ல மாட்டு வண்டி கட்டிக்கிட்டு அமெரிக்காவோட மேற்குல இருக்கற ஆரகன் பக்கம் குடிபோனவங்க கதை. சாப்பாட்டுக்கு எவ்வளவு, துணிக்கு எவ்வளவு, தோட்டாவுக்கு எவ்வளவுன்னு காச பிரிச்சு வாங்கிட்டு கிளம்பணும், தப்பா பிரிச்சா வழியிலயே குடும்பம் காலி. அப்போ ஸ்கிரீன் கூட கிடையாது, டெலிடைப்னு ஒரு டைப்ரைட்டர் மாதிரி மெஷின், அது பேப்பர்ல அடிச்சு தர்றத படிச்சுட்டு பதில் டைப் பண்ணணும். வேட்டையாடணும்னா "பேங்"னு வேகமா டைப் அடிக்கணும், அதான் துப்பாக்கி. மெஷின் கம்மிங்கறதால பசங்க அவங்களா வேலைய பிரிச்சுக்கிட்டாங்களாம், நல்லா டைப் அடிக்கறவன் வேட்டைக்கு, கணக்கு வர்றவன் பட்ஜெட்டுக்கு, ஒருத்தன் மேப்ப பாத்து எவ்வளவு தூரம் வந்திருக்கோம்னு சொல்ல. இன்னைக்கு நாம குரூப் ஆக்டிவிட்டின்னு சொல்றோமே, அதேதான்.

சரி, இதனால படிப்பு வருமான்னு கேக்கறீங்க. க்விஸ் மாதிரி கேம்னா அதுக்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கு. ரோடிகர், கார்பிக்கினு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் காலேஜ் பசங்கள வெச்சு பண்ணி 2006-ல வெளியிட்ட சோதனைய பாருங்க. ஒரு பாடத்த திரும்ப திரும்ப படிச்சவங்க ஒரு பக்கம், ஒரு தடவை படிச்சுட்டு பாக்காம ஞாபகப்படுத்தி எழுதினவங்க இன்னொரு பக்கம். அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வெச்சப்போ திரும்ப படிச்சவங்க முன்னாடி இருந்தாங்க, ஒரு வாரம் கழிச்சு வெச்சப்போ அப்படியே தலைகீழ், ஞாபகப்படுத்தி எழுதினவங்கதான் அதிகம் மனசுல வெச்சிருந்தாங்க. மறந்து போறதுக்குள்ள மண்டையிலேருந்து ஒரு தடவை வெளிய இழுக்கணும், க்விஸ் கேம் பண்றது அந்த வேலைதான். அதே வேலைய டீச்சர் வாயால கேள்வி கேட்டும் பண்ணலாம், ஸ்லிப் டெஸ்ட் வெச்சும் பண்ணலாம், கேம்ல இருக்கற ஒரே வசதி நாப்பது பேரும் ஒரே நேரத்துல பதில் சொல்லியாகணும், ஒருத்தரும் ஒளிஞ்சுக்க முடியாது.

அதனால பொண்ணுகிட்ட "கேம் ஆடினீங்களா"ன்னு கேக்காதீங்க, "எந்த கேள்விய தப்பா போட்ட, ஏன்"னு கேளுங்க. தெரியலப்பா, ஆனா நான் செகண்ட் வந்தேன்னு மட்டும் சொன்னான்னா நீங்க தாராளமா பேரன்ட்ஸ் மீட்டிங்ல எழுந்து நின்னு கேக்கலாம், நானும் உங்க பக்கம்தான்.

எட்டாவது படிக்கற பையன் எந்நேரமும் மைன்கிராஃப்ட்தான், அதான் பிளாக் பிளாக்கா அடுக்கி கட்டற அந்த கேம். இது ஸ்கூல்லயே சொல்லித்தர்ற கேம்மா, மைக்ரோசாஃப்ட்டே பாடத்துக்குன்னு விட்டிருக்குன்னு அளக்கறான். நெஜமா இல்ல ரீலா? (ஒரு அம்மா, கோயம்புத்தூர்)

பாதி நெஜம்மா. மைன்கிராஃப்ட்ட மைக்ரோசாஃப்ட் 2014-ல வாங்கினாங்க, 2016-ல ஸ்கூலுக்குன்னே தனி எடிஷன் விட்டாங்க, அதுக்கு ஸ்கூல் அக்கவுன்ட்டும் லைசென்ஸும் வேணும். உங்க பையன் வீட்டுல ஆடறது அதுவா இருக்க வாய்ப்பு கம்மி.

ஆனா அவன் ஆடறத வெச்சே பாடம் எடுக்கலாம், நான் சொல்றத ஒரு ஞாயித்துக்கிழமை செஞ்சு பாருங்க. அந்த கேம்ல ஒரு பிளாக்னா 1 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம். பையன்கிட்ட சரியா 24 பிளாக் மட்டும் வெச்சு உள்ள ஓட்டை இல்லாம ஒரு பெட்டி கட்டுன்னு சொல்லுங்க. எத்தனை விதமா கட்ட முடியும்? வரிசையா 24-ஐயும் நீட்டி வெக்கலாம், 1, 2, 12-னு வெக்கலாம், 2, 2, 6-னு வெக்கலாம், 2, 3, 4-னும் வெக்கலாம், இன்னும் இருக்கு, அவனே தேடட்டும். எல்லாத்துக்கும் கன அளவு அதே 24 கன மீட்டர்தான். இப்போ ஒவ்வொண்ணுக்கும் அடிப்பக்கம் உட்பட ஆறு பக்கமும் பெயின்ட் அடிக்கணும்னா எத்தனை சதுர மீட்டர்னு கேளுங்க. நீட்டி வெச்சதுக்கு 98, 1-2-12-க்கு 76, 2-2-6-க்கு 56, 2-3-4-க்கு 52. அதே 24 பிளாக்தானே, பெயின்ட் மட்டும் ஏன் 98-லேருந்து 52-க்கு இறங்குச்சு? இந்த கேள்வி ஃபார்முலாவ மனப்பாடம் பண்ற பையனுக்கு வரவே வராது, கட்டி பாத்தவனுக்கு தானா வரும். கேமுக்குள்ளயே கணக்கு இருக்கறதுன்னா இதுதான். ஜெயிச்சா நட்சத்திரம் வரும், நடுவுல பெருக்கல் கேள்வி வரும்னு இருக்கற கேமுல எல்லாம் கணக்கு வெளியில நின்னுட்டு கேம் உள்ள நடக்கும், ரெண்டுத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

ஸ்கூல்ல இத பண்ண ஆசைப்படற டீச்சருங்களுக்கு ஒரு தகவல். லுவான்டின்னு ஒண்ணு இருக்கு, 2024 வரைக்கும் மைன்டெஸ்ட்னு பேரு. இதுவும் பிளாக் பிளாக்கா கட்டறதுதான், ஓப்பன் சோர்ஸ், காசே கிடையாது, ஒரு தடவை இன்ஸ்டால் பண்ணிட்டா லேப்ல இருக்கற சிஸ்டம்களுக்குள்ளயே கனெக்ட் பண்ணி நெட் இல்லாமலும் ஆடலாம். பழைய கம்ப்யூட்டர்லயும் ஓரளவு ஓடும்.

ஆன்லைன் கேமுக்கு தடை வந்துடுச்சே, கிளாஸ்ல க்விஸ் கேம் வெச்சா பிரச்சனை ஆகுமா? (திருச்சி)

ஆகாது. 2025 ஆகஸ்ட்ல பாராளுமன்றத்துல பாஸான ஆன்லைன் கேமிங் சட்டம் தடை பண்ணினது காசு கட்டி ஆடற கேம்கள. நம்ம தமிழ்நாட்டுல 2022-ல கொண்டுவந்த சட்டமும் ஆன்லைன் சூதாட்டத்த குறிவெச்சதுதான். பின்னக் கணக்குல யாரும் பந்தயம் கட்ட மாட்டாங்க, தைரியமா ஆடுங்க.

ஜெயிக்கற பசங்களுக்கு சாக்லேட் குடுக்கறேன், பசங்க ரொம்ப ஆர்வமா இருக்காங்க. நல்ல ஐடியாதானே டீச்சர்? (ஒரு ஆங்கில ஆசிரியை, நாகர்கோவில்)

எப்போவாவது ஒரு நாள் குடுத்தா தப்பில்ல, ஒவ்வொரு வாரமும் வேணாமே. ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டி நர்சரி ஸ்கூல்ல ஒரு ஆராய்ச்சி நடந்துச்சு, 1973-ல வெளிவந்தது. படம் வரையறதுல ஏற்கெனவே ஆசை இருக்கற குட்டிப்பசங்கள மூணு குரூப்பா பிரிச்சாங்க. ஒரு குரூப்கிட்ட "வரைஞ்சா ரிப்பன் வெச்ச சர்டிஃபிகேட் தருவோம்"னு முன்னாடியே சொல்லிட்டாங்க, இன்னொரு குரூப்புக்கு சொல்லாம கடைசியில திடீர்னு குடுத்தாங்க, மூணாவதுக்கு ஒண்ணும் கிடையாது. கொஞ்ச நாள் கழிச்சு சும்மா விளையாடற நேரத்துல கலர் பென்ன வெச்சு பாத்தா, பரிசுக்காக வரைஞ்ச குரூப்தான் மத்த ரெண்டு குரூப்ப விட கம்மியா பென்ன தொட்டுச்சு. இருந்த ஆசையும் போச்சு! சொல்லாம குடுத்த குரூப்புக்கு ஒண்ணும் ஆகல, அத கவனிங்க. அதனால சாக்லேட் குடுக்கறதா இருந்தா முன்கூட்டி அறிவிக்காம குடுங்க, ஜெயிச்ச ஆளுக்கு மட்டும்னு இல்லாம எல்லாருக்கும் குடுங்க. கேம்ல பாயிண்டே ஒரு பரிசுதான், அதுக்கு மேல இன்னொரு பரிசு எதுக்கு?

என் பொண்ணு டேப்ல ஒரு கணக்கு கேம் ஆடறா, ஸ்கூல்லயே சொன்னதுதான். இப்போ மெம்பர்ஷிப் வாங்கினாதான் நல்ல டிராகன் கிடைக்கும்னு அழறா. ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் வெச்சிருக்காங்களாம். வாங்கி தரலாமா? (ஒரு அம்மா, சேலம்)

வேணாம்மா. டிராகனுக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம்? ஸ்கூல் சொன்ன கேம்ல காசு கட்டினவனுக்கு ஒரு மாதிரி, கட்டாதவனுக்கு ஒரு மாதிரின்னு இருந்தா அத ஸ்கூல்லயே சொல்லுங்க, டீச்சருக்கு தெரியாமலே இருக்கலாம், டீச்சரோட ஸ்கிரீன்ல டிராகனெல்லாம் வராது. அப்படியே இன்னொண்ணும் பாருங்க, அக்கவுன்ட் ஆரம்பிக்கறப்போ புள்ளையோட முழுப்பேரு, பிறந்த தேதி, ஸ்கூல் பேரெல்லாம் குடுத்திருக்கீங்களா? 18 வயசுக்கு கீழ இருக்கறவங்க தகவல எடுக்க அப்பா அம்மா சம்மதம் வேணும்னு 2023 டேட்டா பாதுகாப்பு சட்டம் சொல்லுது. டீச்சருங்களுக்கும் சேத்து சொல்றேன், கஹூட் மாதிரி நிக்நேம் மட்டும் கேக்கற கேமா பாத்து வெய்யுங்க, ரோல் நம்பர நிக்நேமா போட சொல்லுங்க. சொந்தமா பேர் வெச்சுக்கோன்னு விட்டீங்கன்னா கேம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ல வர்ற பேர்கள படிச்சுட்டு ஹெச்எம் உங்கள ரூமுக்கு கூப்பிடுவாங்க.

ஜியோகெஸர் கேம ஒன்பதாம் கிளாஸ் புவியியலுக்கு யூஸ் பண்ணலாமா? (ஒரு சமூக அறிவியல் ஆசிரியர், தஞ்சாவூர்)

கண்டிப்பா பண்ணலாம் சார், எனக்கு ரொம்ப புடிச்ச கேம். 2013-ல ஸ்வீடன்ல ஒருத்தர் ஆரம்பிச்சது. கூகுள் ஸ்ட்ரீட் வியூல உலகத்துல ஏதோ ஒரு ரோட்டுல கொண்டுபோய் நிறுத்திடும், எந்த இடம்னு மேப்ல குத்தணும், எவ்வளவு கிட்ட குத்தறீங்களோ அவ்வளவு பாயிண்ட், ஒரு ரவுண்டுக்கு 5000 வரைக்கும். இதுக்கு ஒவ்வொரு பையனுக்கும் அக்கவுன்ட் வேணாம், உங்களோடது ஒண்ணு போதும், புரொஜக்டர்ல போட்டு மொத்த கிளாஸையும் துப்பறிய விடுங்க. நிழல் எந்தப்பக்கம் விழுது? மதிய வெயில்ல நிழல் வடக்க விழுந்தா பெரும்பாலும் வட அரைக்கோளம், தெக்க விழுந்தா தெற்கு அரைக்கோளம் (கடகரேகை மகரரேகை ரெண்டுக்கும் நடுவுல வருஷத்துல சில மாசம் இது மாறும், நம்ம ஊரே அந்த லிஸ்ட்லதான் இருக்கு, அதையே ஒரு கேள்வியா வெய்யுங்க). வண்டி இடதுபக்கம் போகுதா வலதுபக்கமா? மண் செவப்பா கறுப்பா? போர்டுல என்ன எழுத்து? சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூணும் ஒரே போர்டுல இருந்தா இலங்கைன்னு பசங்க கத்துவாங்க.

ஒரே ஒரு விதி போடுங்க, காரணம் சொல்லாம யாரும் ஊர் பேர் சொல்லக்கூடாது. தப்பான ஊர்னாலும் காரணம் சரியா இருந்தா பாராட்டுங்க. காசு கட்டற கேமா இருக்கேன்னு யோசிச்சா கூகுள் எர்த்லயே நீங்களா அஞ்சு இடம் முன்னாடியே தேடி எடுத்து வெச்சுக்கலாம், கொஞ்சம் வேலை அதிகம், அவ்வளவுதான்.

டீச்சர், எங்க சார் வெக்கற க்விஸ் எல்லாம் ரொம்ப ஈஸி. நாங்களே கேள்வி செஞ்சு தர்றோம்னு கேட்டா விடுவாரா? (ஆறாம் வகுப்பு மாணவன், விருதுநகர்)

கேட்டு பாருடா தம்பி, ஆனா வெறும் கையோட போய் கேக்காத. ஒரு கேள்விய செஞ்சு எடுத்துட்டு போ. கேள்வி எழுதறது ஈஸி, சரியான விடை எழுதறதும் ஈஸி, தப்பான மூணு ஆப்ஷன் எழுதறதுதான் கஷ்டம். பாத்த உடனே தப்புன்னு தெரிஞ்சா யாரும் அத தொட மாட்டாங்க, படிச்சவனும் ஒரு நிமிஷம் தடுமாறணும். நீ ஆறாவதுதானே, பகா எண் பாடம் வருமே, அதுலேருந்து ஒண்ணு சொல்றேன், உங்க சார்கிட்ட காட்டு. "இதுல பகா எண் எது? 51, 57, 59, 91." நாலும் ஒத்தைப்படை, நாலுமே பாக்க பகா எண் மாதிரிதான் இருக்கும். 51 மூணால வகுபடும், 57-ம் மூணால வகுபடும், இலக்கங்கள கூட்டி பாத்தா தெரிஞ்சுடும். 91-லதான் நெறைய பேர் மாட்டுவாங்க, ஏழாம் வாய்ப்பாட்ட 13 வரைக்கும் சொல்லி பாத்தவன் மட்டும் தப்பிப்பான். அடுத்த கேள்விக்கு ஆப்ஷன நீயே யோசி, 87-ஐ சேத்துக்கோ.